கலைக்கூடம் காணும் முறை

1784ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே, பேர்மிங்ஹாம் நகரத்துப் புத்தக வியாபாரியும் அந்நகரின் வரலாற்றை எழுதியவருமான வில்லியம் ஹட்டன் என்பவர் இலண்டனுக்குச் சென்றார். பிரித்தானிய நூதனசாலையைப் பார்க்கவேண்டும் என்னும் ஆவல் அவருக்கு மிகுதியாக இருந்தது. அந்நாளில் அதனுள்ளே நினைத்தவர் நினைத்தபோது நுழைதல் இயலாது. முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும். குறித்த நேரத்திலே சிறு கூட்டமாகச் சேர்ந்து, அலுவலர் ஒருவரின் பின்னே நடக்கவேண்டும். ஹட்டன் ஏறக்குறைய இரண்டு ஷில்லிங் கொடுத்துச் சீட்டொன்றைப் பெற்றுக்கொண்டு, வேறு சிலரோடு உள்ளே சென்றார். அழைத்துச் சென்றவர் உயர்ந்த தோற்றமுடைய ஓர் இளைஞர். அவர் வேகமாக நடந்தார். எவரும் வாய் திறக்கவில்லை. காணும் பொருள்களைப்பற்றிச் சிறிது விளக்கம் தரக்கூடாதா என்று ஹட்டன் துணிந்து கேட்டபோது, இங்குள்ள ஒவ்வொன்றையும் பற்றி உமக்குச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா, பல பொருள்களில் பெயர் எழுதித்தானே இருக்கிறது என்ற கருத்தில் விடை கிடைத்தது. ஏறத்தாழ அரை மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. உலகத்தின் அரும்பொருள்கள் நிறைந்த மாளிகையினுள் நுழைந்தும் ஒன்றையும் அறியாமல் வெளியே வந்த ஏமாற்றத்தை ஹட்டன் தமது பயண நூலிலே எழுதி வைத்தார்.

கலைக்கூடத்தில் வழிகாட்டி என்பவரின் பழைய உருவம் இதுதான். 1759ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் அந்த நூதனசாலை மக்களுக்குத் திறக்கப்பட்டபோது, பார்வையாளரோடு ஓர் அலுவலரை அனுப்பியது பார்வையாளருக்குக் கற்பிப்பதற்காக அன்று; பொருள்களைப் பார்வையாளரிடமிருந்து காப்பதற்காக. பெயரளவில் அவர் வழிகாட்டி, செயலளவில் காவற்காரர். காலப்போக்கில் கதவுகள் அகலத் திறந்தன. பாரிஸ் நகரத்து லூவர் அரண்மனை 1793ஆம் ஆண்டில் பொதுமக்களின் கலைக்கூடமாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள், பெரிய நகரங்களில் வாழ்ந்த தொழிலாளியும் விடுமுறை நாளில் அரசரின் ஓவியங்களுக்கு முன்னால் நிற்கக்கூடிய நிலை வந்தது. நின்றார், ஆனால் எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்பதைச் சொல்ல எவரும் இல்லை. முன்னே விரட்டினார்கள்; பின்னே கைவிட்டார்கள். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஒரு வழியைக் கண்டுபிடிக்க இருபதாம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. பிரித்தானிய நூதனசாலைதானும் தனக்கென ஒரு விளக்கவுரை வழிகாட்டியை நியமித்தது 1911ஆம் ஆண்டிலேதான்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே அமெரிக்காவில் பொஸ்டன் நகரத்து நுண்கலை நூதனசாலை இம்முயற்சியிலே இறங்கிவிட்டது. 1870ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அந்த நிலையத்தின் செயலாளராக இருந்தவர் பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன். இவர் ஒரு விநோதமான அறிஞர். கலைக்கூட அலுவல்களில் ஈடுபடுவதற்கு முன்னர், அமெரிக்காவின் பழங்குடி மக்களாகிய சூனி இனத்தாரின் பாடல்களை ஒலிப்பதிவு உருளைகளிலிருந்து கேட்டுக் கேட்டு எழுதி, 1891ஆம் ஆண்டிலே அதுபற்றி ஆராய்ச்சி வெளியிட்டவர். பிறர் பாட்டைப் பொறுமையாகக் கேட்கத் தெரிந்த அம்மனிதர், பிறர் பார்வையைப்பற்றியும் சிந்திக்கத் தலைப்பட்டதில் வியப்பில்லை. ஓவியத்தின் முன்னால் பார்வையாளரோடு நின்று, அவர் கண்ணுக்குத் துணைசெய்யும் ஒருவர் வேண்டும் என்று கில்மன் வாதாடினார். அவ்வாறு துணைசெய்பவருக்கு, கற்பித்தல் என்னும் பொருள்தரும் இலத்தீன் மொழி வேரிலிருந்து, டோசென்ட் என்னும் பெயரை வழங்கினார். 1907ஆம் ஆண்டில் அந்தப் பணி பொஸ்டனில் தொடங்கியது. அமெரிக்கக் கலைக்கூடங்களில் இன்றும் வழிகாட்டிக்கு அதுவே பெயர்.

கில்மன் செய்த இன்னொரு காரியமும் குறிப்பிடத்தக்கது. பெரிய நூதனசாலையொன்றிலே இரண்டு மணித்தியாலம் சுற்றியவருக்குக் கால் வலிப்பதும், தலை கனப்பதும், பின்னர் கண்ட எதுவும் மனத்தில் ஒட்டாமற் போவதும் எல்லோரும் அறிந்ததே. அதனைப் பார்வையாளரின் சோம்பல் என்று தள்ளிவிடாமல், ஒரு பிரச்சினையாக எடுத்து ஆராய்ந்தார் கில்மன். கண்ணாடிப் பேழைகளில் வைக்கப்பட்ட பொருள்களைக் குறித்துச் சில எளிய கேள்விகளை ஒருவரிடம் கொடுத்து, விடை காணும்படி சொன்னார். அவர் விடை தேடும்போது அவரது நிலைகளைப் படம்பிடித்தார். ஒரு படத்தில் அம்மனிதர் முதுகை வளைத்துக் குனிகிறார். மற்றொன்றில் முழந்தாளிட்டுக் கழுத்தைத் திருப்புகிறார். வேறொன்றில் எட்டி எட்டிப் பார்க்கிறார். 1916ஆம் ஆண்டில் இப்படங்களோடு அவர் எழுதிய கட்டுரையினால் ‘நூதனசாலைக் களைப்பு’ என்னும் தொடர் வழக்குக்கு வந்தது. குற்றம் பார்வையாளரிடத்தில் அன்று, பொருள்களை வைத்தவரிடத்திலேயே பெரும்பாலும் உள்ளது என்பது அவர் முடிபு.

களைப்பு வேறொரு காரணத்தாலும் வருகிறது. பொஸ்டன் நூதனசாலையில் உள்ள பொருள்கள் ஏறத்தாழ 5 இலட்சம். அவை அத்தனையும் ஒரே காலத்தில் காட்சிக்கு வைக்கப்படுவதில்லை. ஒரு கணக்குக்காக, எல்லாவற்றையும் ஒருவர் பார்ப்பதாகவே வைத்துக்கொள்வோம். ஒன்றுக்குப் பத்து வினாடி வீதம், நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் இடைவிடாது பார்த்தாலும் 174 நாள் செல்லும். பத்து வினாடியில் ஓர் ஓவியத்தை என்ன கண்டுவிட முடியும்? ஆகவே கலைக்கூடத்தைப் பார்ப்பது என்பதன் முதற்படி, எவற்றைப் பாராமல் விடுவது என்று தீர்மானிப்பதேயாம். ஒரு வழிகாட்டி செய்யும் பேருதவியும் இதுவே. அவர் இருபது மண்டபங்களைக் கடந்து அழைத்துச் சென்று எட்டே பொருள்களின் முன் நிறுத்துவார். மற்றவற்றைக் காணவில்லையே என்ற ஏக்கம் சிறிது நேரம் இருக்கும். பின்பு அது தானே போய்விடும்.

குடும்பத்தாரோ நண்பர் சிலரோ தமக்கென்று தனியாக ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளும் வழக்கம் இக்காலத்திலே பல நாடுகளிலும் பரவியிருக்கிறது. பொதுக் கூட்டத்தோடு செல்வதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. இருபது பேர் சூழ்ந்து நிற்கும் கூட்டத்திலே வழிகாட்டி தாம் மனனஞ்செய்த உரையை ஒப்புவிக்கவே நேரும். பின்வரிசையில் நிற்பவருக்கு முன்னால் நிற்பவரின் பிடரியே ஓவியம். நால்வர் மட்டும் சென்றால் உரையாடல் பிறக்கும். கேள்விக்கு இடம் உண்டு. ஒரு படம் பிடித்துவிட்டால் அங்கேயே பத்து நிமிடம் நிற்கலாம். இதற்கு முன்கூட்டியே எழுதி நாளும் நேரமும் குறித்துக்கொள்ளவேண்டும். எழுதும்போது, வருபவர் யார் யார், குழந்தைகள் உண்டா, முதியவர் உண்டா, நெடுநேரம் நிற்க இயலாதவர் எவரேனும் உளரா, எதனை விரும்பிக் காண வருகிறார்கள் என்பவற்றைத் தெரிவித்தால், வழிகாட்டி அதற்கேற்ப வழியை வகுத்துக்கொள்வார். மடக்குக் கதிரைகளை இரவலாகக் கொடுக்கும் கலைக்கூடங்கள் உண்டு, கேட்பதற்குக் கூச்சப்படவேண்டியதில்லை. கட்புலன் அற்றவர்களுக்குச் சில சிற்பங்களைக் கையால் தொட்டறிய அனுமதி கொடுக்கும் இடங்களும் உண்டு. ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேற்பட்ட சுற்றை ஒப்புக்கொள்ளாமல் இருப்பது நல்லது. இத்தாலி முதலிய சில நாடுகளில் வழிகாட்டியாகத் தொழில் புரிவோர் அரசாங்கத்தின் உரிமம் பெற்றிருக்கவேண்டும். வாயிலில் வந்து கையைப் பிடித்திழுப்பவரோடு செல்பவர், அந்த உரிமத்தைக் கேட்டுப் பார்த்த பின்னர் செல்வது உத்தமம்.

இனி, நல்ல வழிகாட்டி என்ன செய்வார் என்பதைப் பொஸ்டன் கூடத்திலுள்ள சில பொருள்களைக்கொண்டே காணலாம்.

எகிப்து மண்டபத்திலே கருஞ்சாம்பல் நிறக் கல்லில் வடித்த ஓர் இணைச் சிற்பம் நிற்கிறது. உயரம் 142 சதமமீற்றர். கீசாவின் மூன்று பெரிய பிரமிட்டுகளில் சிறியதைக் கட்டுவித்த மென்கௌரே மன்னனும் அவனுடைய அரசியும் அருகருகே நிற்கும் உருவம். ஏறத்தாழ 4500 ஆண்டுப் பழைமையுடையது. அரசி ஒரு கையால் மன்னனின் இடையை அணைத்து, மறு கையை அவன் புயத்தின்மீது வைத்திருக்கிறாள். சாதாரணப் பார்வையாளர் முகங்களைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். வழிகாட்டியோ கால்களைப் பார்க்கும்படி சொல்வார். மேற்பகுதி கண்ணாடிபோல் மெருகேற்றப்பட்டிருக்க, கீழ்ப்பகுதி முருடாகவே கிடக்கிறது. பீடத்திலே பெயரும் பொறிக்கப்படவில்லை. சிற்பி வேலையை முடிக்கவில்லை! நாலாயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முன்னர் நின்றுபோன உளியின் வேலை அங்கே தெரிகிறது. மன்னன் முகத்திலே சிவப்பு வண்ணத்தின் சுவடு இன்னும் இருக்கிறது என்பதையும் அவர் காட்டுவார். அப்பொழுது, கருங்கல் மேனியின் அமைதியை வியந்துகொண்டிருந்தவருக்கு, இச்சிற்பம் வண்ணம் பூசப்பெற்றிருந்தது என்ற செய்தி திகைப்பூட்டும்.

அச்சிற்பம் பொஸ்டனுக்கு வந்தது எப்படி என்பதையும் நேர்மையான வழிகாட்டி மறைக்கமாட்டார். ஜோர்ஜ் ரைஸ்னர் என்னும் ஆராய்ச்சியாளர் தலைமையில், ஹாவார்ட் பல்கலைக்கழகமும் பொஸ்டன் நூதனசாலையும் சேர்ந்து நடத்திய அகழ்வில் 1910ஆம் ஆண்டு அது வெளிப்பட்டது. கண்டெடுத்த பொருள்களில் ஒரு பங்கு எகிப்துக்கும் மறுபங்கு அகழ்ந்தவர்க்கும் என்பது அக்காலத்து ஏற்பாடு. அந்த ஏற்பாடு செய்யப்பட்ட காலத்தில் எகிப்து பிரித்தானியரின் பிடியில் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் செய்தி முழுமையாகும்.

போல் ரெவியர் என்பவரின் உருவப்படம் வேறொரு மண்டபத்தில் இருக்கிறது. அமெரிக்க விடுதலைக் கதையைப் படித்தவர் அப்பெயரை அறிவர். 1768ஆம் ஆண்டில் ஜோன் சிங்கிள்ட்டன் கொப்ளி அதனைத் தீட்டினார். ரெவியர் வெள்ளி வேலை செய்யும் தட்டார். படத்திலே மேலங்கி இன்றி, வெறுஞ் சட்டையோடு, ஒரு கையில் தாடையைத் தாங்கி, மறுகையில் வெள்ளித் தேநீர்க் கூசாவொன்றை ஏந்தி இருக்கிறார். பளபளக்கும் வெள்ளியிலே அவர் விரல்கள் நிழலாடுகின்றன. அதனைக் காட்டிவிட்டு வழிகாட்டி கேட்பார்: ஏன் தேநீர்க் கூசா? தேயிலைக்குப் பிரித்தானியப் பாராளுமன்றம் வரி விதித்தது 1767ஆம் ஆண்டில். குடியேற்ற நாட்டார் கொதித்தெழுந்து நின்ற வேளை அது. இலங்கை மலைகளிலே தேயிலை பயிராவதற்கு இன்னும் நூறாண்டு இருந்தது. அன்றைய தேயிலை சீனத்தது. அதே 1768ஆம் ஆண்டில் ரெவியர் தம் கையால் செய்த வெள்ளிக் கிண்ணமொன்றும் அதே நூதனசாலையில் இருக்கிறது. மன்னரின் ஆணைக்குப் பணிய மறுத்த 92 சட்டசபை உறுப்பினரைப் போற்றிச் செய்த கிண்ணம் அது. முகத்தைக் கண்டு, பின்பு அம்முகத்துக்குரிய கையின் வேலையைக் காண்பது தனி இன்பம்.

ஆயினும், அக்கூடத்திலே வழிகாட்டியின் தேவையை முற்றாக உணர்த்தும் ஓவியம் ஒன்றுண்டு. அது ஆங்கில ஓவியர் டேர்னர் 1840ஆம் ஆண்டில் இலண்டனில் காட்சிக்கு வைத்த கடற்படம். அகலம் நான்கடிக்குச் சற்றே மேற்படும். மண்டபத்துள் நுழைபவரை அதன் நிறம் தூரத்திலேயே இழுக்கும். செம்மையும் பொன்னும் குழைந்த வானம். நடுவிலே கடலைப் பிளப்பதுபோல் இறங்கும் கதிரவன் ஒளி. இடப்பக்கத்தில் அலையில் தத்தளிக்கும் பாய்க்கப்பல். எத்தனை அழகான அந்திப்பொழுது என்று சொல்லாதார் இரார். அவ்வாறு சொல்லிவிட்டு அகன்றவர் எத்தனையோ பேர்.

வழிகாட்டி அவரை அருகே அழைத்து, வலப்பக்கக் கீழ் மூலையைக் காட்டுவார். அங்கே நீரின்மேல் ஒரு கால் தெரிகிறது. அக்காலிலே விலங்கு பூட்டியிருக்கிறது. சுற்றிலும் மீன்கள் மொய்க்கின்றன, மேலே கடற்பறவைகள். இன்னும் உற்றுப் பார்த்தால், அலைகளின் இடையிடையே கைகளும் சங்கிலிகளும் தோன்றும். அந்தக் கப்பல் அடிமைக் கப்பல். புயல் வருவது கண்டு, இறந்தோரையும் இறக்கும் தறுவாயில் இருப்போரையும் கடலில் எறிகிறார்கள் என்பதே படத்தின் முழுப் பெயர் கூறும் செய்தி. 1781ஆம் ஆண்டில் சொங் என்ற கப்பலின் மாலுமிகள் 130க்கு மேற்பட்ட ஆபிரிக்க மக்களை உயிரோடு கடலில் எறிந்தனர். கப்பலில் நோயால் இறப்பவருக்குக் காப்புறுதிப் பணம் கிடையாது. சரக்கைக் காக்கும்பொருட்டுக் கடலில் வீசியதாகக் காட்டினால் பணம் கேட்கலாம் என்பது கணக்கு. அப்பணத்தைக் கோரிய வழக்கு 1783ஆம் ஆண்டில் இலண்டன் நீதிமன்றத்துக்கு வந்தது. கொலைக்கு எவரும் தண்டிக்கப்படவில்லை. அடிமை வாணிகத்துக்கு எதிராக எழுந்த இயக்கத்தார் இந்நிகழ்ச்சியை மறக்கவில்லை. டேர்னர் படம் வெளிவந்த அதே 1840ஆம் ஆண்டிலேதான் அவர்களுடைய பெருமாநாடு இலண்டனில் கூடியது.

இனி ஒரு செய்தி. இந்த ஓவியத்தைப் புகழ்ந்து எழுதியவர்களில் தலையாயவர் ஜோன் ரஸ்கின். ஆங்கில உரைநடையின் சிகரங்களுள் ஒன்று என்று சொல்லத்தக்க வருணனையிலே, 1843ஆம் ஆண்டில், இக்கடலின் நிறங்களையும் அலைகளின் எழுச்சியையும் அவர் விரித்துரைத்தார். கப்பல் அடிமைக் கப்பல் என்பதும், கடல் பிணங்களால் நிறைந்திருக்கிறது என்பதும் அடிக்குறிப்பிலே இடம்பெற்றன. அடுத்த ஆண்டு ரஸ்கினின் தந்தையார் அவருக்கு அப்படத்தையே பரிசாக வாங்கிக் கொடுத்தார். வீட்டிலே மாட்டி நெடுநாள் வைத்திருந்த ரஸ்கின், அதன் பொருளின் துன்பத்தைத் தாங்கமாட்டாமல் இறுதியில் விற்றுவிட்டார். 1899ஆம் ஆண்டில் அது பொஸ்டன் நூதனசாலைக்கு உடைமையாயிற்று. ஓவியம் காட்டுவதிலே ரஸ்கினை விஞ்சிய வழிகாட்டியை ஆங்கிலம் கண்டதில்லை எனலாம். அவரே நிறத்தை மேலே வைத்து மனிதரை அடிக்குறிப்பில் வைத்தார் என்றால், வழிகாட்டி எதனை முதலில் காட்டுகிறார், எதனைப் பின்னுக்குத் தள்ளுகிறார் என்பது சிறிய விஷயமன்று. அந்தி வானத்தை மட்டும் காட்டி அனுப்புகிறவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த மூலையைக் காட்டாமல் விட்டதனாலே, கடலில் எறியப்பட்டவர்கள் இரண்டாம் முறையும் கண்மறைவாகிறார்கள்.

கோகான் என்னும் பிரெஞ்சு ஓவியர் தஹித்தித் தீவிலே 1897–98இல் தீட்டிய மிகப் பெரிய படமும் அங்கே இருக்கிறது. அகலம் 375 சதமமீற்றர். எங்கிருந்து வந்தோம், யார் நாம், எங்கே போகிறோம் என்னும் கருத்துடைய சொற்களை அதன் மேல் மூலையில் ஓவியரே எழுதியிருக்கிறார். இடமிருந்து வலமாக எழுதிப் படித்துப் பழகியவர், படத்தையும் இயல்பாகவே இடப்புறத்திலிருந்து தொடங்குவார். கிழவியொருத்தி தலையைக் கைகளில் தாங்கி இருப்பதே முதலில் கண்ணிற்படும். கோகானோ வலப்புறத்தில் உறங்கும் குழந்தையிலிருந்து தொடங்கி, இடப்புறத்துக் கிழவியில் முடிக்கக் கருதினார். இந்த ஒரு வாக்கியத்தை ஒருவர் சொல்லிவிட்டால் போதும். மிகுதியைக் கண்ணே பார்த்துக்கொள்ளும்.

பொஸ்டனைப்பற்றிப் பேசும்போது இலங்கையரும் தமிழரும் மறக்கக்கூடாத பெயர் ஒன்று உண்டு. ஆனந்த குமாரசுவாமி 1877ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள் கொழும்பிலே பிறந்தவர். தந்தையார் சேர் முத்துக் குமாரசுவாமி, தாயார் ஆங்கிலப் பெண்மணி. முதலில் மண்ணியல் அறிஞராக இருந்து இலங்கையின் கனிப்பொருள்களை ஆராய்ந்தவர், பின்னர் கலையாராய்ச்சியில் இறங்கினார். 1917ஆம் ஆண்டில், அவர் சேர்த்து வைத்திருந்த இந்தியக் கலைப்பொருள்கள் பொஸ்டன் நூதனசாலைக்குச் சென்றன. அவரும் அங்கே இந்தியக் கலைப்பகுதியின் காப்பாளராகி, 1947ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் மறையும்வரை முப்பது ஆண்டு பணிபுரிந்தார். கில்மன் இன்னும் செயலாளராக இருந்த காலத்திலேயே குமாரசுவாமி அங்கே சேர்ந்தார் என்பது நினைக்கத்தக்கது.

கலைப்பொருளை ஏன் காட்சிக்கு வைக்கவேண்டும் என்ற கேள்வியையே தலைப்பாகக் கொண்டு குமாரசுவாமி 1940களில் எழுதினார். நூதனசாலையில் சம்பளம் பெற்றுக்கொண்டே நூதனசாலையின் அடிப்படையை உசாவிய துணிவு அவருடையது. அவர் கருத்துப்படி, நூதனசாலையின் முதற்கடமை, தமக்குரிய இடத்தையும் பயனையும் இழந்து அழியும் நிலையில் உள்ள பழம்பொருள்களைக் காப்பது. வாழும் கலைஞரின் படைப்பை அங்கே கொண்டுபோய் மாட்டுவது அதன் வேலையன்று. அப்படைப்புக்கு வீடும் கோயிலும் வெளியே இருக்கின்றன. காட்சிக்கு வைத்த பொருளை வெறும் அழகுக்காகக் கண்டு களிப்பதனால் அதனை அறிந்தவர் ஆகமாட்டோம். அது எதற்காகச் செய்யப்பட்டது, செய்வித்தவர் எதனை நம்பினார் என்பதை உணரச் செய்வதே கல்வி. அவருடைய கட்சி முழுவதையும் ஏற்காதவரும், வழிகாட்டியிடம் கேட்கவேண்டிய கேள்விகள் அதிலே இருப்பதை மறுக்கமாட்டார். இது எதற்குப் பயன்பட்டது? யார் செய்தார், யாருக்காக? எங்கே இருந்தது, இங்கே எப்படி வந்தது?

வழிகாட்டிகளுக்கும் குறைகள் உண்டு. ஓவியத்தைப் பார்க்க விடாமல் ஓவியரின் காதற்கதைகளையே அடுக்குபவர் ஒரு வகையினர். விலையைச் சொல்லி வியக்க வைப்பவர் மற்றொரு வகையினர். சான்றில்லாத கட்டுக்கதைகளைச் சுவைக்காகக் கலப்பவரும் உளர். படத்தின் முன் வந்தவுடன் பேசத் தொடங்காமல், ஒரு நிமிடம் வாய்மூடி நின்று, வந்தவர்களை முதலில் பார்க்கவிட்டு, நீங்கள் காண்பது என்ன என்று கேட்பவரே கைதேர்ந்தவர். பேசுவதற்குக் கற்பது எளிது. அந்த ஒரு நிமிடத்தைக் கற்பது கடினம்.

வழிகாட்டியாக இருக்கத்தக்கவர் யார் என்பதும் அண்மையில் பெரிய விவாதமாயிற்று. அமெரிக்கக் கலைக்கூடங்களில் இப்பணியை நெடுங்காலமாக ஊதியமின்றிச் செய்து வந்தவர்கள் தொண்டர்கள். பல மாதம் பயிற்சி பெற்று, ஆண்டுக்கணக்காக மாணவர்களை அழைத்துச் சென்றவர்கள். 2021ஆம் ஆண்டில் சிக்காகோ கலை நிலையம், 1961இல் தொடங்கிய தனது தொண்டர் வழிகாட்டி முறையை நிறுத்தி, எண்பதுக்கும் மேற்பட்ட தொண்டர்களுக்கு விடைகொடுத்து, ஊதியம் பெறும் கல்வியாளரை அமர்த்தத் தீர்மானித்தது. சம்பளமின்றி ஓய்வு நேரத்தைச் செலவிடக்கூடியவர் வசதி படைத்தவரே; ஆகவே வழிகாட்டிகள் ஒரே வகுப்பினராகவும் ஒரே நிறத்தவராகவும் இருந்துவிடுகிறார்கள் என்பது ஒரு பக்கத்து வாதம். பல்லாண்டு கற்ற கல்வியையும் அன்பையும் ஒரு கடிதத்தால் தள்ளிவிடலாமா என்பது மறுபக்கத்து வாதம். இரண்டிலும் உண்மை உண்டு. டேர்னரின் படத்தில் அந்த மூலையை யார் முதலில் காட்டுவார் என்று எண்ணிப் பார்த்தால் முதல் வாதத்தின் வலிமை விளங்கும். ஆனால், அதனைக் காட்டுவதற்கு முதிய தொண்டர் ஒருவருக்கு இயலாது என்று முடிவுகட்டவும் நியாயமில்லை.

கடல் கடந்து செல்ல எல்லோருக்கும் வாய்க்காது. கொழும்பு நூதனசாலை 1877ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் நாள் திறக்கப்பட்டது. குமாரசுவாமி பிறந்ததும் அவ்வாண்டே. பொலன்னறுவையின் சிவாலய இடிபாடுகளிலிருந்து 1907, 1908ஆம் ஆண்டுகளில் கிடைத்த வெண்கலப் படிமங்கள் அங்கே இருக்கின்றன: ஆடும் பெருமான், அம்மை, நாயன்மார். இவற்றைக் குறித்தும் கொழும்பிலுள்ள ஏனைய வெண்கலங்களைக் குறித்தும் குமாரசுவாமி 1914ஆம் ஆண்டிலே ஒரு நூல் வெளியிட்டார். மேனாட்டுப் பார்வையாளருக்கு அங்கே சுந்தரர் படிமம் ஓர் அழகிய இளைஞனின் உருவம். திருமணப் பந்தலிலே முதியவர் ஒருவர் ஓலையோடு வந்து வழக்கிட்ட கதையைக் கேட்டு வளர்ந்தவருக்கு அம்முகம் வேறாகத் தெரியும். திருவிழாவில் உலாவரும் படிமங்களின் பீடங்களில் துளைகளும் வளையங்களும் இருக்கும். தண்டுகளைக் கோத்து அடியார் தோளிலே சுமப்பதற்கு அமைந்தவை அவை. பட்டும் மாலையும் அணிகலனும் சூட்டி, தீவட்டி ஒளியில் அசைந்தசைந்து வரும்போது முகமன்றி மேனியின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடிக்குப் பின்னால், அசையாத மின்னொளியில், முழு மேனியும் தெரிய நிற்பது அவற்றுக்குப் புதிய நிலை.

பாடசாலைப் பிள்ளைகளோடு அங்கே செல்லும் ஆசிரியரோ, பேரப்பிள்ளையை அழைத்துச் செல்லும் பாட்டியோ, அந்தப் படிமங்களுள் ஒன்றின் முன்னால் சிறிது நேரம் நின்று, எப்பக்கத்திலிருந்து தூக்கியிருப்பார்கள் என்று பிள்ளையைத் தேடச் சொல்லலாம். பிள்ளை முதலில் முகத்தைப் பார்க்கும். பின்பு குனிந்து பீடத்தைப் பார்க்கும்.